பலகையில் 16 ஓம், மீட்டரில் 19.6: வால்வு ஆம்பையும் கேபினெட்டுகளையும் ஜோடி சேர்த்த வேலைப் பதிவு

மேசையில் இருப்பவை மூன்று. இரண்டு ஈஎல்34 வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட 50 வாட் கிட்டார் ஆம்ப் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி; பின்னால் 4, 8, 16 என்று திருப்பும் இம்பிடன்ஸ் (ஏசிக்கான மின்தடை) செலக்டர். முதுகு மூடிய 4×12 கேபினெட், அதாவது நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி. பின்பலகையில் 16 ஓம் என்று அச்சு. முதுகு திறந்த 1×12 கேபினெட், 8 ஓம். இரண்டு கேபினெட்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் இந்த ஹெட்டில் ஓட்ட வேண்டும் என்பது வேலை. 4×12 ஒலி மெலிந்துவிட்டது, தடித்த தந்திகளில் கனமே இல்லை, வால்வு மாற்றிப் பார்த்தும் பலனில்லை என்பது புகார்.

இப்படிப் புகார் வந்தால் ஆம்பின் திருகில் கை வைக்கும் முன் கேபினெட்டை மீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

மீட்டர் சொன்னது

ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனையைக் கேபினெட்டில் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டர் முனைகளை வைக்க வேண்டும். ரேஞ்ச் 200 ஓம். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு கழிக்க வேண்டும். சாதாரண மீட்டரில் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். 4 ஓம் கேபினெட்டில் அந்த அரை ஓமே ஆளைக் குழப்பப் போதும். அளக்கும்போது கேபினெட்டைத் தட்டவோ அசைக்கவோ கூடாது. கோன் லேசாக ஆடினாலும் வாய்ஸ் காயில் தானே மின்சாரம் உண்டாக்கி மீட்டரின் எண்ணை ஓடவிடும்.

மீட்டர் காட்டுவது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ். இம்பிடன்ஸ் இதைவிடக் கொஞ்சம் கூட. 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை, 16 ஓம் ஸ்பீக்கர் 12 முதல் 14 வரை. 1×12 காட்டியது 6.6. சரியான 8 ஓம். 4×12 காட்டியது 19.6. 16 ஓம் கேபினெட்டுக்கு இது ஒத்துவராது.

இந்த ஒரு எண்ணை வைத்தே உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பின்பலகையைக் கழற்றாமல் சொல்லலாம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கரை மொத்தம் 16 ஓமாகக் கட்ட இரண்டு வழி உண்டு. முதல் வழியில் இரண்டிரண்டாகப் பேரலல் (பக்க இணைப்பு) செய்து, அந்த இரண்டு ஜோடிகளையும் சீரிஸில் (தொடர் இணைப்பில்) போடுவார்கள். இரண்டாவது வழியில் இரண்டிரண்டாக சீரிஸ் செய்து, இரண்டு வரிசைகளையும் பேரலல் ஆக்குவார்கள். எல்லாம் நன்றாக இருக்கும்வரை இரண்டுக்கும் மீட்டரில் ஒரே எண்தான், சுமார் 13. ஒரு ஸ்பீக்கர் செத்தால்தான் வித்தியாசம் தெரியும். முதல் வழியில், ஜோடியிழந்த ஸ்பீக்கர் 13, நல்ல ஜோடி 6.5, சேர்ந்து 19.5. இரண்டாவது வழியில் ஒரு வரிசையே அறுந்துபோய் மற்ற வரிசை மட்டும் மிஞ்சும். மீட்டர் 26 காட்டும். ஸ்பீக்கர் அறுபடாமல் ஷார்ட் ஆகியிருந்தால் முதல் வழியில் 6.5, இரண்டாவது வழியில் 8.7.

ஆக 19.6 என்றால் முதல் வழிக் கட்டு, ஒரு ஸ்பீக்கர் ஓபன், அதாவது அதன் சுற்று அறுந்திருக்கிறது. இந்தக் கட்டில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஒன்று செத்ததும் ஆம்புக்கு 16க்குப் பதில் 24 ஓம் லோடு (ஆம்ப் ஓட்டும் சுமை) தெரியும். அதில் 16 ஓம் தனியாக நிற்கும் அந்த ஒற்றை ஸ்பீக்கருடையது. எனவே மொத்த பவரில் மூன்றில் இரண்டு பங்கு அதன் தலையில் விழுகிறது. 50 வாட்டில் 33 வாட் ஒன்றுக்கே. முன்பு அதன் பங்கு 12.5தான். கவனிக்காமல் வாசித்துக்கொண்டே இருந்தால் அடுத்துச் சாவது அந்த ஸ்பீக்கர். அதோடு லைன் முழுக்க அறுந்து ஆம்ப் லோடே இல்லாமல் நிற்கும். இரண்டாவது வழியில் லோடு 32 ஓமாக எகிறும். ஆனால் மிஞ்சிய இரண்டும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும். எது நல்லது என்றால், ஒரே மாதிரி நான்கு நல்ல ஸ்பீக்கர் இருந்தால் எதுவும் ஒன்றுதான். மாதத்துக்கு ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்ப்பது இரண்டையும்விட நல்லது.

பின்பலகைக்கு உள்ளே

பலகையைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு லக்கை (வயர் நுனியில் உள்ள மாட்டியை) மட்டும் பிரித்து அளந்தால்: 13.0, 13.2, 13.1, ஓபன். ஓபன் காட்டிய ஸ்பீக்கரின் கோனை விரல் நுனிகளால் நாலாபுறமும் சமமாக, ஒரு மில்லிமீட்டர் அளவு உள்ளே அழுத்தியபோது மீட்டரில் 13 வந்து மறைந்தது. காயில் எரிந்திருந்தால் அப்படி வராது. கோனிலிருந்து டெர்மினலுக்குப் போகும் பின்னல் கம்பி, அதாவது டின்சல், டெர்மினலை ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. வெளியில் பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். பின்னலின் நடுவே நூல் ஓடுவதால் செம்பு இழைகள் அறுந்த பிறகும் நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அறுந்தது டெர்மினல் பக்கம் என்பது அதிர்ஷ்டம். கோன் பக்கம் அறுந்திருந்தால் கோந்தைச் சுரண்டி, காகிதத்தைக் கிழிக்காமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். இங்கே அறுந்த 4 மில்லிமீட்டரை வெட்டிவிட்டு மீண்டும் சால்டர் வைத்தால் போதும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, சூடு பட்டதும் ஈயம் பின்னலுக்குள் ஏறி அதைக் கம்பி போல விறைக்க வைக்கும். விறைத்த இடத்தின் ஓரத்தில் மறுபடி ஒடியும். டெர்மினலிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி ட்வீசரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வைத்தால் சூடும் ஈயமும் அதைத் தாண்டாது. இரண்டு, வெட்டிய பிறகும் பின்னல் தளர்ந்து வில்போல் வளைந்து நிற்க வேண்டும். கோனை இரு பக்கமும் அசைத்து, எந்த இடத்திலும் பின்னல் நேராக விறைக்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும். விறைத்தால் நீளமான புது டின்சல்தான் வழி. சாதாரண வயரைப் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

லக்குகளைத் திரும்ப மாட்டும் முன் போலாரிட்டி சோதனை. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் கணநேரம் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழ். மற்றவற்றோடு கலந்து போடுபவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். இங்கே நான்கில் ஒன்று, இரண்டு லக்கும் இடம்மாறி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரோ முன்பு கழற்றி மாட்டியபோது வந்த தவறாக இருக்கும். ஒன்று முன்னால் தள்ளும்போது பக்கத்தில் இருப்பது பின்னால் இழுத்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். கனமில்லை என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். மீட்டரில் இந்தத் தவறு தெரியவே தெரியாது என்பதால்தான் பேட்டரி.

எல்லாம் மாட்டியபின் ஜாக்கில் 13.1.

ஆம்பில் எழுதியிருக்கும் 8 ஓம் யாருடையது

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஆம்பின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பது அந்த ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பிடன்ஸ் அல்ல. இந்தத் துளையில் 8 ஓம் லோடு மாட்டினால் உள்ளே இருக்கும் வால்வுகளுக்குத் தேவையான லோடு கிடைக்கும் என்பதுதான் அதன் பொருள். இரண்டு ஈஎல்34க்கு இந்த வகை ஆம்பில் ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து (வெளியீட்டு முனை) மற்றதன் பிளேட்டுக்குச் சுமார் 3,400 ஓம் வேண்டும். இரண்டு 6வி6 என்றால் 6,600 முதல் 8,000, இரண்டு 6எல்6 என்றால் 4,000 பக்கம், இரண்டு ஈஎல்84 என்றால் 8,000. ஸ்பீக்கரின் 8 ஓமை 3,400 ஓமாக வால்வுக்குக் காட்டுவது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். சுற்று விகிதத்தின் வர்க்கம் எவ்வளவோ அத்தனை மடங்கு. ட்ரான்ஸ்ஃபார்மருக்கென்று தனியாக ஒரு இம்பிடன்ஸ் கிடையாது. அது வெறும் பல்சக்கரம். ஸ்பீக்கர் மாறினால் வால்வுக்குத் தெரிவதும் அதே விகிதத்தில் மாறும்.

அதனால்தான் ஆம்பின் ஜாக்கில் மீட்டரை வைத்து 0.4 ஓம் வருகிறதே என்று பதறத் தேவையில்லை. அது ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி சுற்றின், அதாவது ஸ்பீக்கர் பக்கச் சுற்றின், செம்புக் கம்பி மட்டும். 4, 8, 16 எதில் வைத்தாலும் ஒரு ஓமுக்குள் அல்லது அதை ஒட்டித்தான் வரும்.

ஆம்பின் உண்மையான அவுட்புட் இம்பிடன்ஸ் தெரிய வேண்டுமானால் அளக்கலாம். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலியை இன்புட்டில் சின்னதாகக் கொடுத்து, 8 ஓம் ரெசிஸ்டரில் ஒரு அளவும், எதையும் தொடாமல் 16 ஓம் ரெசிஸ்டரில் இன்னொரு அளவும் எடுக்க வேண்டும். முதலில் 4.0 வோல்ட், பிறகு 5.8 வோல்ட் வந்தால்: கரண்ட் 0.5 ஆம்பியரிலிருந்து 0.3625க்கு இறங்கியிருக்கிறது. வோல்டேஜ் வித்தியாசம் 1.8ஐ கரண்ட் வித்தியாசம் 0.1375ஆல் வகுத்தால் 13 ஓம். செலக்டர் 8இல் இருந்தும் ஆம்பின் சொந்த எண் 13. நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பகுதியை எதிராகத் திருப்பிக் கொடுப்பது) அதிகம் என்றால் இது குறையும். வாக்ஸ் ஏசி30 போல ஃபீட்பேக்கே இல்லாத ஆம்பில் இன்னும் ஏறும். சாலிட் ஸ்டேட் (ட்ரான்சிஸ்டர்) ஆம்புகள் பலவற்றில் ஒரு ஓமில் சிறு பகுதிதான். ஆகவே ஆம்பின் இம்பிடன்ஸும் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸும் சமமாக இருக்க வேண்டும் என்ற பேச்சு கிட்டார் ஆம்பில் எங்குமே பொருந்தாது.

இந்த எண் பெரிதாக இருப்பதுதான் வால்வு ஆம்பின் குணத்துக்கும் காரணம். 8 ஓம் என்று பெயர் வாங்கிய 12 அங்குல ஸ்பீக்கர் 8 ஓமாக இருப்பது 300, 400 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மட்டும். 75 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் அதன் ரெசனன்ஸில், அதாவது கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்ணில், பல மடங்கு எகிறும். 5 கிலோஹெர்ட்ஸில் 20ஐத் தாண்டும். அவுட்புட் இம்பிடன்ஸ் பெரிதாக உள்ள ஆம்ப் அந்த ஏற்றங்களில் அதிக வோல்டேஜ் தரும். அடியில் ஒரு குமுறலும் மேலே ஒரு மினுக்கும் கிடைப்பது அப்படித்தான். அதே கேபினெட்டை சாலிட் ஸ்டேட் ஆம்பில் போட்டால் தட்டையாகக் கேட்பதும் இதனால்தான்.

அதிர்வெண்ணோடு இம்பிடன்ஸ் ஏறி இறங்கும் இந்த வளைவை வீட்டிலேயே எடுத்துப் பார்க்கலாம். சைன் ஒலி கொடுக்கும் சின்ன ஆம்ப், ஸ்பீக்கரோடு சீரிஸில் 1 கிலோஓம் ரெசிஸ்டர். ஸ்பீக்கர் இடத்தில் முதலில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் வரும்படி வால்யூமை நிறுத்தினால், அதன்பின் ஸ்பீக்கரின் குறுக்கே காட்டும் மில்லிவோல்ட் எண்ணே ஓம் எண். 100 ஓம் பக்கம் போனால் எட்டு சதவீதம் குறைத்துக் காட்டும், பரவாயில்லை. மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்ட்டைக் குறைத்துக் காட்டுவதால் மேல் பக்கத்து எண்களை அப்படியே நம்பக் கூடாது.

செலக்டர் உண்மை பேசுகிறதா

ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றப்பட்ட ஆம்பாக இருந்தால், பின்பலகை எழுத்தை நம்பாமல் விகிதத்தை அளந்துவிட வேண்டும். உள்ளே 450 வோல்ட் வரை கெபாசிட்டரில் தங்கியிருக்கும் என்பதால், மெயின்ஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக மெயின் கெபாசிட்டரை அரை நிமிடம் வடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். அவுட்புட் வால்வுகள் இரண்டையும் பிடுங்கிவிட வேண்டும். ஸ்பீக்கர் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஃபெண்டர் வகை ஆம்புகளில் பிளக் இல்லாதபோது ஜாக்கே அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். அவற்றில் எதிலும் சேராத வெற்றுப் பிளக் ஒன்றைச் செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யம்தான் வரும்.

12 வோல்ட் ஏசி தரும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இரண்டு சாக்கெட்டுகளின் பிளேட் முனைகளுக்கு இடையே கொடுப்பது வழி. ஈஎல்34, 6எல்6, 6வி6 மூன்றிலும் பிளேட் 3ஆம் பின். செகண்டரியில் வோல்ட் கொடுத்துப் பிரைமரியில் (வால்வு பக்கச் சுற்றில்) அளப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்ய, வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் 6.3 வோல்ட்டை எடுத்து 4 ஓம் முனையில் கொடுத்தால் பிரைமரியில் 180 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தேவையில்லாத வீரம்.

பிரைமரியில் 12.8 வோல்ட் இருக்கும்போது செலக்டர் 4இல் 0.44, 8இல் 0.62, 16இல் 0.88 வோல்ட். 12.8ஐ 0.62ஆல் வகுத்தால் 20.6, அதன் வர்க்கம் 426, 8ஆல் பெருக்கினால் 3,410 ஓம். மற்ற இரண்டும் 3,385 பக்கம். சரியான ட்ரான்ஸ்ஃபார்மர், சரியான கம்பி இணைப்பு. கணக்குப் போட நேரமில்லாவிட்டால் ஒன்றை மட்டும் பார்க்கலாம்: 16 முனையின் வோல்டேஜ் 4 முனையுடையதைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும், 8 முனை 4 முனையைப் போல 1.41 மடங்கு. இது தப்பினால் யாரோ வயரை மாற்றிச் சால்டர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஹெட்டில் விகிதம் சரி. ஆனால் செலக்டரைத் திருப்பும்போது 8க்கும் 16க்கும் நடுவே எண் துள்ளியது. கான்டாக்ட் கறுத்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து இருபது முறை திருப்பியபின் நின்றது. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த செலக்டரைத் திருப்பக் கூடாது என்பதற்கும் அந்தத் துள்ளல்தான் காரணம்: ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நொடியில் லோடே இல்லை.

தப்பாகப் போட்டால் என்ன ஆகும்

8 முனையில் 16 ஓம் கேபினெட் மாட்டினால் வால்வுகளுக்கு 3,400க்குப் பதில் 6,800 தெரியும். கரண்ட் குறையும், பிளேட் வோல்டேஜின் ஆட்டம் கூடும். உச்சத்தில் பிளேட் வோல்டேஜ், பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் ஸ்க்ரீன் என்ற கம்பி வலையைவிட மிகவும் கீழே இறங்கும்போது அந்தக் கரண்டை ஸ்க்ரீன் கிரிட் வாங்கிக்கொள்ளும். முதலில் அடிவாங்குவது ஸ்க்ரீனும் அதன் ரெசிஸ்டரும். அலையின் முனை வெட்டுப்பட்டுக் கிளிப் ஆகும்போது ட்ரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் குத்துகளும் பெரிதாகும்.

8 முனையில் 4 ஓம் மாட்டினால் எதிர்ப்பக்கம். வால்வுகளுக்கு 1,700 ஓம். கரண்ட் கூடும், பவர் குறையும், வீணாவது பிளேட்டில் சூடாகும். வால்வின் ஆயுள் சுருங்கும். பயாஸ் (வால்வின் ஓய்வுக் கரண்டை நிர்ணயிக்கும் அமைப்பு) ஏற்கெனவே சூடாக வைத்திருந்தால் பிளேட் சிவக்கும்.

ஒரு படி தப்பு, அதாவது இரட்டிப்பு அல்லது பாதி, நல்ல நிலையில் உள்ள ஆம்பில் நடுத்தர வால்யூமில் உடனே எதையும் கொல்லாது. ஸ்பீக்கரே ஒவ்வொரு சுரத்துக்கும் அதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறதே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால், இந்த மாதிரி உயர் வோல்டேஜ் ஈஎல்34 ஆம்பில் லோடு செலக்டர் எண்ணைவிடக் குறைவாக இருக்கும் பக்கமே இந்தப் பதிவின் தேர்வு. அங்கே தேய்வது வால்வு. மறுபக்கம் ஆபத்தில் இருப்பது ட்ரான்ஸ்ஃபார்மர். வால்வை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

லோடே இல்லாமல் வாசிப்பதுதான் கொலைகாரன். பிரைமரியில் எழும் வோல்டேஜுக்கு வடிகாலே இல்லாமல் சாக்கெட்டில் 3ஆம் பின்னிலிருந்து பக்கத்திலுள்ள 2ஆம் பின்னுக்கு, அதாவது ஹீட்டருக்கு, தீப்பொறி தாவும். தாவிய வழியில் பேக்கலைட் கரியாகும். கரி மின்சாரம் கடத்தும். அடுத்த முறை சாதாரண வோல்டேஜிலேயே தாவும். அப்படிக் கறுத்த சாக்கெட்டைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஃபெண்டர் ஜாக் ஷார்ட் ஆகும்படி செய்திருப்பது இதற்காகத்தான்: சில நிமிட ஷார்ட்டைத் தாங்கும் வால்வு ஆம்ப், ஓபனைத் தாங்காது.

சாலிட் ஸ்டேட்டில் எல்லாமே தலைகீழ். ஓபன் ஒன்றும் செய்யாது, ஷார்ட் கொல்லும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் 4, 8, 16 எதையும் மாட்டலாம். எண் ஏற ஏற பவர் குறையும், அவ்வளவுதான். 4க்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

இரண்டு கேபினெட்டையும் சேர்ப்பது

ஆம்பின் இரண்டு ஸ்பீக்கர் ஜாக்குகள் பெரும்பாலும் பேரலல். மெயின்ஸைப் பிடுங்கிவிட்டு, இரண்டிலும் கேபிள் செருகி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு மீட்டர் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி வரும். வந்தது.

16 ஓம் 4×12ஐயும் 8 ஓம் 1×12ஐயும் பேரலலில் போட்டால் 5.33 ஓம். செலக்டரில் அந்த எண் இல்லை. 8இல் வைத்தால் வால்வுக்கு 2,270 ஓம், 4இல் வைத்தால் 4,530. இரண்டுமே தாங்கக்கூடிய தப்புதான். உண்மையான சிக்கல் வேறு. பேரலலில் குறைந்த ஓம் உள்ளது அதிகம் தின்னும்: 50 வாட்டில் 33 வாட் அந்த ஒற்றை 1×12க்கு, மீதி 17 வாட்டை நான்கு ஸ்பீக்கர் பங்கிட்டுத் தலைக்கு 4 வாட். நன்றாக ஓவர்டிரைவ் செய்த ஆம்ப் எழுதிய வாட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் தரும் என்பதையும் சேர்த்தால், 1×12இல் 30 வாட் ஸ்பீக்கர் இருந்தால் அது எரியும்.

நான்கு 16 ஓம் ஸ்பீக்கரை வைத்து 8 ஓம் செய்ய வழியில்லை. நான்குக்கும் சமப் பங்கு வரும்படி கட்டினால் 4, 16, 64 இவைதான் வரும். ஆனால் இரண்டு 16 ஓம் பேரலலில் 8. எனவே 4×12ஐ இடது ஜோடி, வலது ஜோடி என்று பிரித்து, ஜாக்குக்கு ஒரு ஜோடி கொடுத்தாயிற்று. இப்போது ஒவ்வொரு ஜாக்கும் 8 ஓம், மீட்டரில் 6.5. இனி சேர்க்கைகள் இப்படி: ஒரு ஜோடி மட்டும் என்றால் செலக்டர் 8. ஆம்பிலிருந்து இரண்டு கேபிளில் இரண்டு ஜோடியும் என்றால் 4. ஒரு ஜோடியும் 1×12உம் என்றால் 4. அதில் 1×12க்கு 25 வாட், ஜோடியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 12.5. மூன்றையும் சேர்த்தால் 2.67 ஓம், அது இந்த ஆம்புக்கு வேண்டாம், மூன்றாவது ஜாக் இல்லாததே பாதுகாப்பு.

மோனோ ஸ்டீரியோ சுவிட்ச் வைத்து 16 ஓமையும் காப்பாற்றியிருக்கலாம். வைக்கவில்லை. ஸ்பீக்கர் லைனில் ஒரு சுவிட்ச் என்பது ஓபன் ஆக இன்னொரு இடம். மார்ஷல் 1960 வகைக் கேபினெட்டில் அந்தச் சுவிட்ச் உண்டு. மோனோவில் ஒரு ஜாக் 4 ஓம், மற்றது 16. ஸ்டீரியோவில் இரண்டும் 8. அதில் இரண்டாவது ஜாக்கை அடுத்த கேபினெட்டுக்குப் போகும் வழி என்று நினைத்துச் செருகுவதும், மோனோவில் வைத்துக்கொண்டு இரண்டு ஆம்பை இரண்டு ஜாக்கில் மாட்டுவதும் அடிக்கடி நடக்கும் விபத்து. ஸ்டீரியோவில் ஒரே கேபிள் செருகிவிட்டுப் பாதிக் கேபினெட் செத்துவிட்டது என்று வருபவர்களும் உண்டு.

கேபிள்

திரையிடாத இரட்டைக் கம்பி, 1.5 சதுர மி.மீ., 2 மீட்டர். போக வர மொத்தம் 0.05 ஓமுக்குள் அடங்கும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போட்டால் உருகிவிடும் என்பார்கள். கணக்குப் போட்டால், 3 மீட்டர் கேபிளில் 0.3 ஓம், 50 வாட்டில் 4 ஓம் லோடுக்கு 3.5 ஆம்பியர், கேபிள் முழுக்கப் பரவி 4 வாட் சூடு. அதனால் உடனே உருகாது. ஆனால் நடுவில் ஓடும் அந்த மெல்லிய கம்பி பிளக்கின் கழுத்தில் ஒடியும், மெல்லிய உறை நசுங்கி ஷார்ட் ஆகும். வால்வு ஆம்பில் ஒடிவது என்ன செய்யும் என்று மேலே பார்த்தாயிற்று.

கேபினெட் ஜாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வளைத்துச் சரிசெய்வதில் அர்த்தமில்லை, புது ஜாக் போட வேண்டும். பிளக்கைச் செருகி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே நாலு பக்கமும் ஆட்டி, எண் 0.1 ஓமுக்கு மேல் நகரக் கூடாது. இங்கே ஒரு ஜாக் நகர்ந்தது, மாற்றியாயிற்று.

முடிவுச் சோதனை

முதலில் ரெசிஸ்டர் லோடில். 8 ஓம், 100 வாட், அலுமினிய உடல் கொண்ட ரெசிஸ்டர், விசிறி வைத்த பெரிய ஹீட் சிங்கில். ஹீட் சிங்க் இல்லாமல் அந்த 100 வாட் வெறும் எழுத்து. 1 கிலோஹெர்ட்ஸில் ஆசிலோஸ்கோப்பில் அலையின் முனை தட்டையாகத் தொடங்கும் இடத்தில் 8 ஓமில் 20 வோல்ட் ஆர்எம்எஸ் (உச்ச அளவு அல்ல) வந்தால் 50 வாட். 4 ஓமில் 14.1, 16 ஓமில் 28.3. மூன்று நிலையிலும் இந்த எண்களுக்கு அரை வோல்ட் அக்கம் பக்கத்தில் நின்றது. ஒரு நிலையில் மட்டும் குறைந்தால் செலக்டரை மறுபடி பார்க்க வேண்டும். மூன்றிலும் குறைந்தால் வால்வு அல்லது பயாஸ்.

பிறகு கேபினெட்டுகள். ஒரு ஜோடியையும் 1×12ஐயும் அருகருகே நிறுத்தி, 1×12இன் வயர்களை ஒருமுறை மாற்றிப்போட்டுக் கேட்க வேண்டும். ஆறாவது தந்தி எந்த நிலையில் பருமனாக வருகிறதோ அதுதான் சரி. பேட்டரி சோதனை சரியாக இருந்தாலும் ஜாக்கில் வயர் இடம்மாறியிருக்கலாம் என்பதால் இது.

கடைசியாக 4×12இன் பழைய 16 ஓம் அச்சின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று: இடது 8 ஓம், மீட்டரில் 6.5, வலது 8 ஓம், மீட்டரில் 6.5, இரண்டும் சேர்ந்தால் 4. மீட்டர் எண்ணையும் எழுதி வைத்தால், அடுத்து திறப்பவருக்கு எந்த எண் மாறியிருக்கிறது என்று தேடும் வேலை மிச்சம்.